பூசணிக்காய்க்குப் பிறகு ஒரு ஷாட்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கருங்குழியில், ஜிஎஸ்டி சாலைக்கு முதுகு காட்டி நிற்கிற பார்வதம் பிலிம்ஸ் அலுவலகத்தில், குடைகள் அடுக்கி வைத்த அறையில். கம்பெனிக்கு முப்பத்தெட்டு வயது ஆகிறது, மலர் போடுகிறோம், வரலாறு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்றார் முதலாளி தாமோதரன். நான் அந்தக் கம்பெனியின் கதை இலாகா. இலாகாவில் நான் ஒருவன்தான். சில நாள் நானும் வருவதில்லை.

முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டு படம் முடித்திருக்கிறீர்கள், மூன்றாவது இன்னும் முடியவில்லை, இதற்கு இரண்டு பக்கம் அதிகம் என்றேன்.

“பொய் கலந்துக்கோ ரைட்டரே, ரொம்பிடும்” என்றார்.

கலந்திருக்கிறேன். எந்த வரி எது என்று கேட்காதீர்கள். கலந்தவனுக்கே இப்போது பிரிக்க வரவில்லை.

2

முதல் தொடக்கம்: “வங்கக் கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக...”

விட்டுவிட்டேன். கடல் வழக்கம்போலத்தான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: “ஒரு டெம்போவும் பன்னிரண்டு குடைகளுமாக தாமோதரன் என்ற இளைஞர் கலைத்தாகம் மேலிட...”

தாகம் இருந்தது உண்மை. அது கலைத்தாகமா என்பதில் அவர் மனைவிக்கு இன்றுவரை சந்தேகம்.

மூன்றாவது: “தாமோதரன் பூசணிக்காயைப் பார்த்தார். பூசணிக்காயும் அவரைப் பார்த்தது.” இது இருக்கட்டும். ஆனால் இதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

மாமல்லபுரம் கரையில் படம் எடுக்க வருகிற கம்பெனிகளுக்குக் கதை இருக்கிறதோ இல்லையோ, நிழல் கட்டாயம் வேண்டும். அந்த நிழலை வாடகைக்கு விட்டுத்தான் பார்வதம் பிலிம்ஸ் பிழைத்தது. குடை, நாற்காலி, ஜெனரேட்டர், மதியச் சாப்பாடு, பஞ்சாயத்து அனுமதி, கடைசி நாளுக்கு ஒரு வெள்ளைப் பூசணிக்காய். நீலக் குடை ஒவ்வொன்றிலும் ‘பார்வதம்’ என்று வெள்ளை எழுத்து. பார்வதம் அவர் மனைவி. “என் பேர் வெயில்ல காஞ்சிகினு கீது, நீங்க நெழல்ல குந்திகினு கீறீங்க” என்பது அந்த அம்மாள் அடிக்கடி சொல்வது.

(பூசணிக்காய் பற்றி, சினிமா தெரியாதவர்களுக்கு: கடைசி ஷாட் எடுத்தபின் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, கேமராவை மூன்று சுற்று சுற்றித் தரையில் உடைப்பார்கள். அதோடு படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம். எல்லாக் கம்பெனியிலும் இது திருஷ்டி கழிப்பது. பார்வதம் பிலிம்ஸில் இது சட்டம்.)

சட்டமான விதம் இப்படி. 1991-இல் முதல் படம். பூசணிக்காய் உடைத்த மறுநாள், கதாநாயகன் தும்முகிற ஒரு குளோசப் விட்டுப்போனது தெரிந்து, கேமராவைத் திறந்து எடுத்தார்கள். அந்த ஒரு தும்மலால் ஏழு ரீல் லேபில் கறுத்துப்போயிற்று. எஞ்சிய படம் செங்கல்பட்டில் வெளியான அன்று திரை கிழிந்தது, ஆபரேட்டருக்கு அம்மை போட்டது, இடைவேளை முறுக்கு நமுத்துப்போயிற்று. இரண்டாவது படம் 2004-இல். பூசணிக்காய்க்குப் பிறகு கேமரா மூடியை யாரும் தொடவில்லை. ஐம்பது நாள் ஓடியது. அதில் பதினோரு நாள் தியேட்டரில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மலரில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து தாமோதரனிடம் சாமி இல்லை என்று வாதாடலாம். பூசணிக்காய்க்குப் பிறகு ஷாட் வைக்கலாம் என்று வாயெடுக்க முடியாது.

3

மூன்றாவது படத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். பதிவு செய்த தலைப்பைப் படம் வருமுன் வெளியே சொன்னால் வேறு யாராவது முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

டைரக்டர் வைஷாலி. கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்து, நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு எட்டு வருஷம் உதவி டைரக்டராக நின்ற பெண். இவருக்குக் கொஞ்சம் கோபம் கொடுத்து எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அழ வைத்தேன், அதுவும் ஒட்டவில்லை. கோபம் வந்தால் அந்தப் பெண் பென்சில் சீவும். படப்பிடிப்பு முடிவதற்குள் பெட்டி பெட்டியாகப் பென்சில் தீர்ந்தது. வாசகருக்கு இது போதாது என்று தெரியும். எனக்கு அகப்பட்டது இவ்வளவுதான்.

படத்தின் கதை என் கதை. முடிவு மட்டும் வைஷாலியுடையது. மீனவக் குப்பத்தில் தனியாக இருக்கிற ஒரு தாயை அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போக மகன் காரோடு வருகிறான். இரண்டு மணி நேரம் அவன் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், அழுகிறான். கடைசி ஷாட்டில் அந்தத் தாய் காருக்கு முதுகைக் காட்டி, தண்ணீர் ஓரமாக நடந்து போய்விடுகிறாள். தாயாக நடித்தவர் அம்சா. தொலைக்காட்சித் தொடர்களில் இருபது வருஷமாக எல்லோருக்கும் மாமியாராக இருந்தவர்.

தாமோதரனுக்கு இந்தப் படம் முடிய வேண்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆகவே எல்லோருக்கும் தெரியும். அவர் மகன் கலையரசனுக்கு நாவலூரில் பதினான்காவது மாடியில் வீடு. “இந்தப் படத்தோட கடைய மூடிட்டு ரெண்டு பேரும் வந்துடுங்கப்பா” என்று சொல்லியிருந்தான். படம் ஒழுங்காக முடிந்து வெளியானால் பார்வதம் பிலிம்ஸ் இன்னமும் கம்பெனிதான். முடியாவிட்டால் அது குடைக்கடை. குடைக்கடையை மூடு என்று எந்தப் பிள்ளையும் சொல்லலாம். மறுக்க அப்பாவுக்கு வாயில்லை.

4

இப்போது பூசணிக்காய்.

அன்று அதே கரையில் இரண்டு யூனிட். வடக்கே நாங்கள்; அம்சா நடக்கிற கடைசி ஷாட் மட்டும் பாக்கி. தெற்கே வெளியூர்க் கம்பெனி ஒன்று பாட்டு எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நீலக் குடை, ஏனென்றால் இரண்டுக்கும் நாங்கள்தான் நிழல். அவர்களுக்கு அன்று கடைசி நாள். ஒரு பூசணிக்காய் சொல்லியிருந்தார்கள். வாங்கிவர எங்கள் மேனேஜர் ஏசுபாதம் காலையிலேயே செங்கல்பட்டுக்குப் போனார். முப்பத்தெட்டு வருஷமாகக் கம்பெனியில் பூசணிக்காய் உடைப்பவர் அவர்தான். திருஷ்டியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் கை நடுங்காது.

அவர் போன பிறகு, மதியம் வடக்குப் பக்கத்தில் வலை காயப்போட வேண்டும் என்று குப்பத்துக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் தெற்கே நகர்ந்தோம். பாட்டுக் கம்பெனிக்கு வலை பின்னணியில் வந்தால் அழகு என்று தோன்றி அவர்கள் வடக்கே போனார்கள். ஏசுபாதத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு வந்தார். நேரே தெற்கே நடந்தார். பூசணி சுற்றுகிறவர் கேமராவைத்தான் பார்க்க வேண்டும், மனித முகத்தைப் பார்த்தால் திருஷ்டி பாதி அங்கேயே தங்கிவிடும் என்பது அவருக்கு தாமோதரனே சொல்லிக்கொடுத்த பாடம். தலை குனிந்து வந்தார், கற்பூரம் ஏற்றினார், எங்கள் கேமராவைச் சுற்ற ஆரம்பித்தார்.

நீங்கள் கேட்பீர்கள், யாராவது தடுத்திருக்கலாமே என்று. நானும் இந்த இடத்தில் “நிறுத்து என்று வைஷாலி...” என எழுத ஆரம்பித்தேன். முடியவில்லை. எரிகிற கற்பூரத்தைப் பாதிச் சுற்றில் நிறுத்துவது உடைப்பதைவிடப் பெரிய அபசகுனம். தப்பு நடக்கிறது என்று நாற்பது பேருக்கும் தெரியும். நாற்பது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றோம். வைஷாலி கையில் பென்சிலோடு கும்பிட்டது.

தாமோதரன் பூசணிக்காயைப் பார்த்தார். பூசணிக்காயும் அவரைப் பார்த்தது. மூன்றாவது சுற்று முடிந்து அது மணலில் உடைந்தது.

ஏசுபாதம் நிமிர்ந்தார். “முடிஞ்சுது. ஆமா, இன்னா எல்லாம் நம்ம ஆளுங்களா கீறாங்க?”

மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்த அம்சாதான் சொன்னார். “நான் இன்னும் நடக்கவே இல்ல ஏசு. அதுக்குள்ள என்னெ முடிச்சுட்டியே.”

5

அன்று மாலை வரை குடைக்கடியில் ஒரு மாநாடு நடந்தது. கரைக்கு அனுமதி மறுநாள் மதியம் வரைதான். அம்சாவுக்கு மறுநாள் சாயங்காலம் வேறு வீட்டில் மாமியார் வேலை.

“அது அவங்க காய் மொதலாளி. அவங்க சொன்னது, அவங்களுக்கு வாங்கினது. நம்ம படம் எப்பிடி முடியும்?” என்றார் ஏசுபாதம்.

“சுத்தினது எந்தக் கேமராவ?” என்றார் தாமோதரன்.

கம்ப்யூட்டரிலேயே அம்சாவை நடக்கவைத்துவிடலாம், கேமராவைத் திறக்கவே வேண்டாம் என்று எடிட்டர் போனில் யோசனை சொன்னார். தாமோதரன் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். அம்சா தன் நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டதும் ஆசை அடங்கியது.

“சார், ஒரே ஒரு ஷாட்” என்றது வைஷாலி.

“அந்தத் தும்மலும் ஒரே ஒரு ஷாட்டுதாம்மா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ரைட்டரே, நீ சொல்லு. நடக்காமலே படத்த முடிக்க முடியுமா?”

முடியும் என்றேன். அவள் காருக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும்போதே நிறுத்திவிடலாம், நவீனம் என்பார்கள். வைஷாலி என்னைப் பார்த்தது. பிறகு பென்சில் சீவ ஆரம்பித்தது.

6

வெயில் தாழ்ந்ததும் பார்வதம் வந்து இறங்கினார். ஏசுபாதம் போன் போட்டிருந்தார். அந்த அம்மாள் உடைந்த பூசணிக்காயைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

“முடிஞ்சிடுச்சா? சரி, முடிஞ்சது முடிஞ்சதுதான். நாளைக்கு காலைல அடுத்த படத்துக்குப் பூஜ போடுங்க. பூஜ போட்டா மொத ஷாட் எடுத்துத்தானே ஆவணும்? இவங்க நடக்கறத எடுங்க. அதத் தூக்கி இதுல ஒட்டிக்கங்க.”

“அது வேற படமாச்சே” என்றார் தாமோதரன்.

“நம்ம வூட்டு அரிசிய இன்னொரு பானைல போட்டா திருட்டா? கம்பெனி என் பேர்ல கீது. நான் சொல்றேன், போடுங்க.”

தாமோதரன் முகத்தில் வெளிச்சம் வந்தது; வந்த வேகத்தில் போயிற்று. பூஜையன்று எடுக்கிற முதல் ஷாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டே. அதில் அழக் கூடாது, போகக் கூடாது, முதுகு தெரியக் கூடாது. சிரித்த முகத்தோடு யாராவது கேமராவை நோக்கி வர வேண்டும். கேமரா கார் பக்கத்தில். அதை நோக்கி வருவது என்றால் மகனிடம் வருவது.

“வரட்டுமே” என்றார் தாமோதரன், மெதுவாக. “புள்ளகிட்ட வர்றதுல இன்னா தப்பு?”

“அவங்க வந்துட்டா படமே இல்ல சார். அவங்க போறதுக்காகத்தான் மத்த எல்லாத்தையும் எடுத்தேன்” என்றது வைஷாலி. குரல் உயரவில்லை. “வர்ற மாதிரி எடுத்தா என் பேரை எடுத்துடுங்க.”

பார்வதம் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். “அவ காருல ஏறினா நானும் ஏறணும். தெரியுமில்ல?”

(இந்த வாக்கியத்தை அவர் சொன்னாரா, சொல்லட்டும் என்று நான் எழுதினேனா என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள விஷயம்.)

7

முடிவுகள். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) அம்சா வருகிறார். படம் வெளியாகிறது. டைரக்டர் பெயர் வருகிற இடத்தில் ஒரு வெற்றிடம். தாமோதரனும் பார்வதமும் பதினான்காவது மாடியிலிருந்து பார்க்கிறார்கள், குடைகள் தெரியவில்லை.

(ஆ) அம்சா போகிறார். பூஜையன்றே முதுகு தெரிந்த கம்பெனி என்று பெயர். ஏழு ரீல் கறுக்கிறது, அல்லது கறுக்கவில்லை. இந்தக் காலத்தில் ரீலே கிடையாது என்று தாமோதரனிடம் சொல்ல இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குத் தேங்காய் உடைத்தார்கள். கிளாப் பலகையில் ‘தயாரிப்பு எண் 4’ என்று எழுதினேன். வைஷாலி அம்சாவிடம் போய்க் காதருகில் கொஞ்ச நேரம் பேசியது. அலைச் சத்தத்தில் தாமோதரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னாம்மா சொன்ன?”

“நடங்கன்னு சொன்னேன் சார்.”

“எந்தப் பக்கம்?”

“அவங்க பெரிய நடிகை. அதையெல்லாம் நான் சொல்லணுமா?”

முதல் ஷாட்டுக்குக் கேமரா சுவிட்சைத் தயாரிப்பாளர்தான் போட வேண்டும். அதுவும் வழக்கம். தாமோதரன் விரலை வைத்தார். ஒரு பக்கம் மனைவி நின்றார். இன்னொரு பக்கம் அந்தப் பெண் நின்றது. எட்டு வருஷம் வெயிலில் நின்ற பெண், குடை வாடகைக்கு விட்டவருக்கு அது தெரியாதா. சுவிட்சைப் போட்டார். போட்ட கையோடு கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

ஈர மணலில் காலடி கேட்டது. காலடி வருகிறதா, போகிறதா என்று காதால் சொல்ல முடியவில்லை. பிறகு “கட்” என்றது வைஷாலி. நாற்பது பேரும் மூச்சு விட்டார்கள்.

“வந்தாளா, போனாளா?” என்றார் தாமோதரன், கண்ணைத் திறக்காமல்.

“தொறந்து பாருங்க” என்றார் பார்வதம்.

அவர் திறக்கவில்லை. இங்கேதான் எனக்குச் சிக்கல். ஆரம்பத்திலிருந்து இந்தக் கதையை அவர் தோளில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். அவர் பார்த்ததைத்தான் பார்த்தேன். அவர் மூடினால் எனக்கும் இருட்டு. நீங்கள் அப்படியில்லை, கரையில் தனியாக நிற்கிறீர்கள், கண் திறந்திருக்கிறது. அம்சா எங்கே இருக்கிறார்? காருக்குப் பக்கத்திலா, தண்ணீருக்குப் பக்கத்திலா? யோசித்தே சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். மனிதருக்கு எழுபத்திரண்டு வயது. காலையில் இட்லிகூடச் சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றால் தலை சுற்றும்.