எழுந்திருக்காதவள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கவே தெரியவில்லை. டீக்கடையில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஆளே இல்லாத பக்கம் பார்த்துப் பேச்சு. ஒருத்தருக்கொருத்தர் மனசு கோணிப்போனால் பேசாமல் விலகிப் போகவேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்கிறார்கள். மனசில் கிடப்பதை அள்ளி நடுவீட்டில் கொட்டினால் நாறாதா? சோலைக்கு அதுதான் விளங்கவே இல்லை.

கோரிப்பாளையத்தில் ஒரு டயர்க் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த மையம். மலையை விட்டு மதுரைக்குப் பிழைக்க வந்த பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்காக நடத்துகிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது, பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, ரேஷன் கார்டுக்கு அலைவது என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் உண்டு. சும்மா எவன் செய்வான்? எழுமலைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துக் காலனியில், இந்த மாதிரி வந்தவர்களைச் சோலை நிறையப் பார்த்துவிட்டார். பிஸ்கட் கொடுப்பார்கள், வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ பிடிப்பார்கள், ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்கள். பிடித்த போட்டோவைக்கூட ஒருத்தனும் திரும்பக் கொண்டுவந்து காட்டியதில்லை. அதனால் முன்னால் வைத்த டீயை அவர் தொடவில்லை. அது ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு நிலையில் இல்லை. அவர் அசைந்தால் அதுவும் அசைந்தது.

எதிர் நாற்காலியில் மருமகன் கருப்பு. சோலைக்குப் பக்கத்தில் மகள் ராமக்காள். நடுவில் மையத்தில் வேலை பார்க்கும் முபீனா. இந்தத் தெருப் பெண்தான்; படபடவென்று பேசுகிறவள்.

கட்டட வேலைக்குப் போகும் கருப்பு போன வாரம் குடித்துவிட்டு வந்து ராமக்காளை அறைந்துவிட்டான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் முத்துமீனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள். பளியர்களுக்கு அதுதான் வழக்கம். சத்தம் வந்தால் எதிர்ச்சத்தம் போடுவதில்லை; மனசு நொந்தவர் எழுந்து போய்விடுவார். ஏன் போனாய் என்று யாரும் கேட்பதில்லை. சோலையின் பெண்சாதியே முந்தி ஒருத்தனை விட்டு அப்படி எழுந்து வந்தவள்தான். நாலு கம்பு நட்டுப் புல்லை வேய்ந்தால் வேறொரு குடிசை. அவ்வளவுதான் காரியம்.

ஆனால் ராமக்காள் விட்டுவந்தது குடிசை இல்லை. செல்லூரில் ஒற்றை அறை வாடகை வீடு. ஆளையும் சாதியையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்களை எல்லாம் தாண்டி, அவள் பாத்திரம் கழுவும் வீட்டம்மா சொல்லிக் கிடைத்தது. வாசலை விட்டு இறங்கினால் முத்துமீனாவின் பள்ளிக்கூடம். ஒரு வாரமாக அந்த அறையில் கருப்பு காலை நீட்டிப் படுக்கிறான். தாயும் பிள்ளையும் மையத்துப் பின்னறையில் பாயில் கிடக்கிறார்கள்.

காலையில் வந்து இறங்கியதுமே சோலை கூப்பிட்டுப் பார்த்தார். "கெளம்பு தாயி, நம்ம ஊருக்குப் போவோம். அங்க இல்லாத பள்ளிக்கூடமா?"

"பள்ளிக்கூடம் இருக்குப்பா. வாத்தியார் வாராரா?"



இப்போது முபீனா கருப்பைப் பார்த்து, "அண்ணே, அறையை அக்காகிட்ட விட்டுட்டு நீங்க கொஞ்ச நாளைக்கு வெளிய தங்கிக்கங்க. பிள்ளைக்காகக் கேக்குறேன்" என்றாள்.

கருப்பு தரையைப் பார்த்தபடி சொன்னான். "நானா போகச் சொன்னேன்? அவளாத்தான எந்திரிச்சுப் போனா. எந்திரிச்சுப் போனவளுக்கு அந்த வீட்டுல என்ன இருக்கு? எங்க வழக்கம் அது. வேணும்னா மாமாவக் கேளுங்க."

எல்லோரும் சோலையைப் பார்த்தார்கள். அவர் மகள் பக்கம் திரும்பவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"வழக்கம் அதான்" என்றார்.

ராமக்காள் தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முபீனாவுக்குப் பொறுக்கவில்லை. "அடிச்சவன் வீட்டுக்குள்ள, அடி வாங்குனவ தெருவுலயா? என்னங்கய்யா உங்க வழக்கம்!" என்று மேசையில் ஓங்கித் தட்டினாள். டீ சிந்தியது.

சோலை எழுந்தார். அதே நேரம் கருப்பும் எழுந்தான். மாமனும் மருமகனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்கள்.

"யா அல்லா! ரெண்டு பேரும் எங்க போறீங்க? ஏன், நான் என்ன சொல்லிட்டேன்?" முபீனா திகைத்து நின்றாள்.

சோலை திரும்பிப் பார்த்தார். மகள் நாற்காலியிலேயே இருந்தாள்.

"எந்திரி தாயி. சத்தம் வந்துருச்சுல்ல."

"வரட்டும். நான் எந்திரிக்க மாட்டேன்."

"இதென்ன புதுசா?"

"ஒருக்கா எந்திரிச்சேன், வீடு போச்சு. இன்னொருக்கா எந்திரிச்சா என் பிள்ளை படிப்பும் போச்சு. மலையில எந்திரிச்சா இன்னொரு எடம் கெடைக்கும்பா. இங்க எங்க கெடைக்கும்?" பிறகு கருப்பைப் பார்த்து, "இந்தாய்யா! சாவியக் குடுத்துட்டுப் போ!" என்று கத்தினாள்.

கீழே டயர்க் கடையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. பெற்ற மகள் கத்தி சோலை கேட்டதே இல்லை. ஒரு காலைப் படியில் வைத்த கருப்பு அப்படியே நின்றான். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. போன கை வெளியே வரவில்லை.

சோலை அவனைத் தாண்டி இறங்கினார். முபீனா படி வரைக்கும் ஓடிவந்தாள். "ஐயா, அக்கா உங்களைத்தான் பாக்குறாங்க. அவர்கிட்ட குடுறான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கய்யா."

"அடுத்தவனைக் குடுன்னு சொல்ல நான் யாரு? நான் மகளைக் கூட்டிட்டுப் போக வந்தவன் தாயி. சண்டைக்கு வரல."

"அவங்க வரமாட்டாங்களே."

"அப்ப நான் போறேன்."

தெருவில் இறங்கிய பிறகும் மாடியிலிருந்து மகள் குரல் வந்துகொண்டே இருந்தது. சாவியக் குடு, சாவியக் குடு. சந்தில் போகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் கேட்டது அவள் இருந்த அறையைத்தான். சோலைக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் கத்திக் கேட்டு வாங்குவதெல்லாம் ஒரு வாங்குதலா? நாளைக்கு முத்துமீனாவும் இப்படித்தானே கத்தும்?

"என்ன இருந்தாலும் கத்தியிருக்கக் கூடாது" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு சிக்னலுக்கு வந்தார். பஸ்ஸும் ஆட்டோவும் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு உறுமின. குரல் இன்னும் கேட்கிறதா, தன் காதுக்குள்தான் கிடக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. இடமும் வலமும் பாராமல் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடந்தார்.