மூன்றாம் மாடி வேதியியல்

எங்கள் புறநகர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இல்லாத வசதியே இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். நீச்சல் குளம் இருந்தது. தச்சுப் பட்டறை இருந்தது. ஓசை வெளியேறாதபடி சுவரமைத்த இசையறை ஒன்றும் இருந்தது. வேதியியல் ஆய்வகத்தை மட்டும், அதன் நெடி பிற வகுப்புகளை அண்டக்கூடாதென்று மூன்றாம் மாடியில் கட்டியிருந்தார்கள். மாடிக்குப் படிகள் உண்டு, லிஃப்ட் கிடையாது.

நான் அங்கே கணித ஆசிரியனாயிருந்தேன். பதினெட்டு ஆண்டுகள் கால அட்டவணை தயாரித்தவனும் நானே. ஆயிரத்து இருநூறு மாணவர்களையும் அறுபது ஆசிரியர்களையும் ஒரே தாளில் ஒருவரோடொருவர் மோதாமல் உட்காரவைக்க வேண்டும். பிள்ளைகள் எனக்குக் ‘கட்டம் சார்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். தாழ்வாரத்தில் அவள் வரும் வேகத்தைக் கண்டு தோழிகள் வைத்தது. எட்டாம் வகுப்பு முதல் பத்து வரை அவளுடைய பாடம் ஒன்றுகூட மாடியேறாதவாறு அட்டவணை அமைத்தேன். பதினோராம் வகுப்பில் அவள் வேதியியல் வேண்டுமென்று கேட்டு வந்தாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் தந்தையும் உடன் வந்திருந்தார்.

“பாடத்துக்கு இடமிருக்கும்மா. லேப் மூணாவது மாடியில இருக்கே?”

“வாரத்துக்கு ரெண்டு நாள்தானே சார்? நான் தூக்கிட்டுப் போறேன்” என்றார் தந்தை.

“திடீர்னு தீப்பிடிச்சா?”

“நீங்க எல்லாரும் கைய வீசிக்கிட்டு ஓடுவீங்க, நான் இவளத் தூக்கிக்கிட்டு ஓடுவேன். அவ்வளவுதான் சார் வித்தியாசம்.”

“பேச்சுதான் சார். ரெண்டாவது மாடியிலயே இவருக்கு நாக்குத் தள்ளிடும்” என்றாள் மகள்.

ஐந்து வாரங்கள் குறைவின்றி நடந்தன. தந்தை அவளைச் சுமந்து முன்னே ஏற, தோழியர் இருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னே ஏறுவார்கள். “சொட்டுச் சொட்டா அளக்கறதுல அவ கைக்கு ஈடு கிடையாது சார்” என்று வேதியியல் ஆசிரியை என்னிடம் வியந்து சொன்னார். ஆறாம் வாரம் மழை பெய்து படி நனைந்திருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் தந்தை சறுக்கினார். மகள்மேல் ஒரு கீறலும் படாமல் தாம் அடியில் விழுந்தார், முழங்கால் பெயர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் தனியே வந்து, பாடமாற்ற விண்ணப்பத்தை என் மேசைமேல் வைத்தாள். வேதியியலுக்குப் பதில் வரலாறு.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவரு கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு வியாழக்கிழமை லேப்புக்கு வந்துடுவேன்னு குதிக்கறாரு. அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க சார்.” பிறகு கேட்டாள்: “லிஃப்ட் வந்துட்டா திரும்ப மாறிக்கலாமில்ல?”

“அரையாண்டுக்குள்ள வந்தா தாராளமா மாறிக்கலாம்.”

கையெழுத்திட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது. அட்டவணையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த மாதம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அவ்வாண்டு இரண்டு பள்ளிகளுக்கு லிஃப்ட் தருவதாயிருந்தார்கள். தலைமையாசிரியை அதை நிரப்பும் பொறுப்பை என்னிடம் விட்டார். ஒன்பதாவது கேள்வி இது: ‘மாடிக்குச் செல்ல இயலாமையால் தற்போது பாடம் இழந்துள்ள மாணவர் எத்தனை பேர்?’ அட்டவணையை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய வகுப்பில் அமர்ந்திருந்தது. ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

ஆறு வாரங்களில் பதில் வந்தது. தலைமையாசிரியை என்னை அழைத்தார்.

“தேவை இல்லைன்னு நம்மளத் தள்ளிட்டாங்க சார். ஒருத்தர்கூட இல்லைன்னா எழுதினீங்க?”

“அந்தப் பொண்ணுதான் வரலாறு எடுத்துக்கிட்டாளே, மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஏன் எடுத்துக்கிட்டா?”

‘ஒருவர் உண்டு’ என்று அன்றே திருத்தம் எழுதி அனுப்பினேன். நேரிலும் மூன்று முறை போய் நின்றேன். ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்கள்.

அரையாண்டு முடிந்ததும் அவள் வந்து கேட்டாள். “இந்த வருஷம் வரலைம்மா” என்றேன். காரணம் சொல்லவில்லை.

“சரி சார். ராஜாக்களும் பாவம், என்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?” என்று சிரித்துவிட்டு, வந்த வேகத்தில் போகாமல் மெல்லப் போனாள்.

லிஃப்ட் வந்தது, அவள் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதித் தேர்வை எழுத நாற்பது நாள்கள் எஞ்சியிருந்தபோது வந்தது. முதலில் அவளே ஏறவேண்டும் என்று தலைமையாசிரியை விரும்பினார். அவளும், காலைச் சற்றே இழுத்து நடந்த தந்தையும், நானும் ஏறினோம். மூன்றாம் மாடிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆய்வகத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நாற்காலியை நிறுத்தினாள்.

“உள்ள வா, எக்ஸ்பிரஸ்” என்று அழைத்தார் வேதியியல் ஆசிரியை.

“இருக்கட்டும் மிஸ், இங்கேருந்தே தெரியுது.”

அருகிலிருந்த மேசையில் ஒரு மாணவி கண்ணாடிக் குழாயைத் திறந்து குடுவைக்குள் சொட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நிறமற்றிருந்த நீர் வெளிர்நிறத்தோடு நிற்காமல் சட்டென்று அடர்ந்த இளஞ்சிவப்பாயிற்று.

“ஒரு சொட்டு அதிகம்” என்றாள் எக்ஸ்பிரஸ், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏன் சார் இவ்வளவு லேட்டாச்சு?”

நான் வாய் திறக்குமுன் தந்தை முந்திக்கொண்டார். “ஆபீஸ் வேலைன்னா அப்படித்தான் கண்ணு. சாரு மூணு தடவ நேர்ல போய் நின்னாராம், மேடம் சொன்னாங்க. நமக்காக யாரு இப்படி அலைவா?” என்று என் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். எண்ணெய்க் கறை போகாத, சொரசொரப்பான கைகள்.

“தேங்க்ஸ் சார்” என்றாள் அவள்.

ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை; நானும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மணி அடித்தது. அடுத்தது வரலாறு, தரைத்தளத்தில். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள்.