மேல் வீட்டுச் சத்தம்

குரேபயாஷி எனக்குக் கீழ் வீட்டுக்காரர். நான் ஏழாவது மாடி, அவர் ஆறு. எழுபத்திரண்டு வயது, தனி ஆள். ரயில்வேயில் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் காது போகவில்லை. அந்தக் காதை என் வீட்டுத் தரைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக என் பிராணனை வாங்கினார்.

சண்டைக்கு வர மாட்டார். என் தபால் பெட்டியில் சீட்டு போடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கள் ஜப்பானிய மொழியில் உள்ள ஒலிச்சொல்லையும் எழுதியிருப்பார். 'அக்டோபர் 3, மாலை 7.40. பதாபதா. ஓட்டம், சமையலறையிலிருந்து ஜன்னல் வரை. 7.52. கோரோகோரோ. உருளும் பொருள். பந்து அல்ல, கண்ணாடிக் கோலி. தயவுசெய்து கவனிக்கவும்.' அது கோலிதான். அதுதான் எனக்கு ஆத்திரமே. ஓடியது என் மகள் சுமிரே, அப்போது ஆறு வயது.

மொத்தம் பதினொரு சீட்டு. வீடு முழுக்க மெத்தென்ற பாய் விரித்தேன். நுனிக்காலில் நட, நுனிக்காலில் நட என்று அவளை நச்சரித்தேன். குழந்தை சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டாள். இந்த மார்ச்சில் நானும் கணவரும் பிரிந்தபோது, அவள் அப்பாவோடு ஃபுகுவோகாவுக்குப் போய்விட்டாள். கோடை விடுமுறைக்கு அனுப்புகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான்தான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். மறுபடி அந்தப் பாய்மேல் நுனிக்காலில் நடக்க விடவா என்று இருந்தது.

ஜூன் 12, வியாழக்கிழமை. குப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடும் நேரத்தில் அவரும் ஏறினார். இருவரும் வணக்கத்துக்குத் தலையை மட்டும் தாழ்த்தினோம். நாலாவது மாடி தாண்டியதும் இரண்டு பேர் போனும் ஒரே சமயத்தில் அலறின. நிலநடுக்க எச்சரிக்கை. அடுத்த நொடி பெட்டி கடகடவென்று ஆடி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விளக்கு போய், மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மின்விசிறியும் நின்றுவிட்டது.

அவசரப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண் குரல், பவ்வியமாக, எத்தனை பேர், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு பேர். நல்லாத்தான் இருக்கோம். எனக்கு நெஞ்சுல கொஞ்சம் சிக்குசிக்குன்னு இருக்கு, அவ்வளவுதான்."

சிக்குசிக்கு என்றால் கம்பளிச் சட்டை கழுத்தில் குத்துகிற மாதிரி. குழந்தைகூட அதற்கு அழாது. அந்தப் பெண்ணும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சுற்றுவட்டாரத்தில் பதினேழு லிஃப்ட் நிற்கிறது, முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு முதலில் ஆள் போகிறது, உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், மன்னிக்கவும் என்றாள்.

இரண்டு மணி நேரம், இந்த மனிதரோடு, கை நீட்டினால் சுவர் இடிக்கிற பெட்டிக்குள். காற்று கெட்டியாகிக்கொண்டே வந்தது. நான் கதவின் இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு அந்தப் பக்கம் வெறும் சிமெண்ட்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். அவர் உட்கார்ந்துவிட்டார். பொது இடத்தில் சுவரில்கூடச் சாயாத மனிதர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போய், தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. இடது கை விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிக்குசிக்குதான் என்றார். ஒரு கான்கிரீட் தளத்துக்குக் கீழேயிருந்து கோலியா பந்தா என்று சொன்னவர். அவருக்கா தன் நெஞ்சில் என்ன சத்தம் என்று தெரியாது?

"பொய் சொல்றீங்க, குரேபயாஷி சான்."

"பதினேழு லிஃப்ட்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. எதுலயாவது புள்ளத்தாச்சி மாட்டியிருக்கலாம். நான் முன்னாடி போய் நின்னு தொந்தரவு கொடுக்கறது நல்லால்ல."

"எனக்குப் பதினொரு சீட்டு போட்டப்ப தொந்தரவுன்னு தோணலையா?"

நானாகப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அவரையே கேட்பாள். அவர் மறுபடி சிக்குசிக்கு என்பார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த ஆள் மரியாதைக்காகவே என் கண் முன்னால் செத்துப்போவார் போலிருந்தது. அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தெரிந்தன. எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"எழுதுங்க. என் வீட்டைப் பத்தி எழுதுவீங்கள்ல, அதே மாதிரி. நேரம், இடம், சத்தம். ஒண்ணு விடாம."

என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். வாய் சொன்ன பொய்யை அந்தக் கையால் எழுத முடியவில்லை.

நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பொத்தானை அழுத்தி, இருந்தது இருந்தபடி வாசித்தேன். "காலை 9.26. நெஞ்சு நடுவில் கிரிகிரி. முதுகு வரை. 9.31. இடது கை ஜின்ஜின். 9.34. தாடையிலும். ஓயவில்லை."

கிரிகிரி என்றால் கயிற்றைச் சுற்றி முறுக்கிக்கொண்டே போகிற வலி. ஜின்ஜின் என்றால் மரத்துப்போன கையில் விண்விண்ணென்று தெறிப்பது. அந்தப் பெண் பவ்வியத்தை எல்லாம் விட்டுவிட்டு, தீயணைப்புப் படையை இப்போதே அனுப்புகிறேன், சாய்த்து உட்கார வையுங்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள்.

செய்தேன். பேசத்தான் எதுவும் வரவில்லை. என்னைப் பற்றி இன்னும் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார், வாசித்துக் காட்டித் திட்டலாம் என்று நோட்டைப் பின்னால் புரட்டினேன்.

'மார்ச் 24, மாலை 7.40. ஷீன்.'

சத்தமே இல்லாததற்கும் எங்களிடம் ஒரு சத்தம் உண்டு. அதுதான் ஷீன்.

'மார்ச் 25, 7.40. ஷீன். காய்ச்சலோ?' 'ஏப்ரல் 2. ஷீன்.' 'ஏப்ரல் 19, காலை 6.10. தாய் அழுகிறாள், சன்னமாக. சீட்டு வேண்டாம்.' 'மே 5, குழந்தைகள் தினம். ஷீன்.' பக்கம் பக்கமாக, ஒரு நாள் விடாமல், நேற்று வரை.

மூன்று மாதமாக அந்த வீட்டுக்குள் நான் அடைபட்டுக் கிடந்தது ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை சன்னமாக அழவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"சுமிரே சானுக்கு என்ன ஆச்சு?"

"அப்பாகூட இருக்கா. ஃபுகுவோகாவுல. நல்லாத்தான் இருக்கா."

"அப்பாடா," என்றார். "என் சீட்டாலதான் போயிட்டாளோன்னு இருந்தேன்."

இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் உங்களாலும்தான் என்று இரண்டு வருஷமாகச் சொல்லக் காத்திருந்த வாய், இல்லை என்றது. அவர் கை சில்லிட்டிருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே இரும்பு நெம்புகிற சத்தம் கேட்க இருபது நிமிஷம் ஆயிற்று. அப்படி நீண்ட இருபது நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. அவரை மேலே தூக்கும்போது நோட்டை அவர் பையிலேயே வைத்தேன்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜூலை 4 அன்று அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. மறுநாள் மாலை பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். சரியாக 7.40-க்கு, முப்பத்தெட்டு வயதில், சமையலறையிலிருந்து ஜன்னல் வரை ஓடினேன். திரும்பியும் ஓடினேன்.

காலையில் பெட்டியில் சீட்டு இருந்தது.

'ஜூலை 5, மாலை 7.40. தோஷிதோஷி. கனத்த ஓட்டம். குழந்தை அல்ல. புகார் இல்லை. பதாபதா எப்போது?'

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஃபுகுவோகாவுக்குப் போன் செய்தேன். பேசி முடித்ததும் அதன் கீழேயே, 'ஆகஸ்ட் 2, காலை பத்து மணி முதல்' என்று எழுதி அவர் பெட்டியில் போட்டேன்.