கூட ஓடுகிறவள்

ஊரடங்கு போட்ட பிறகும் பவானி ஒருநாள் வந்துவிட்டாள். மார்க்கையன்கோட்டையிலிருந்து வயல்வரப்பு வழியாக நடந்தே வந்து, அனுமந்தன்பட்டியில் ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"வெளியூருப் பிள்ளைய உள்ள விடாதீக மதலேனா. நோவு வந்தா எல்லாருக்கும்தான்."

மதலேனாள் மகளைப் பார்த்தாள். ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நானூறு மீட்டரில் மாநிலப் பதக்கம் வாங்கியவள். பவானிதான் அவளோடு கைகோத்து ஓடி வழிகாட்டுகிறவள். அவளுடைய மூச்சைக் கேட்டே ஜெசிந்தா வளைவுகளில் திரும்புவாள். இப்போது ஒருவரையொருவர் தொடக் கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. பவானி தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

தேசியப் போட்டிக்கான தேர்வு தள்ளிப்போனது, பிறகு ரத்தானது. ஜெசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தாள். சில வாரங்களில் அதையும் விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். தலைக்குக் குளிப்பதில்லை, சோறு காய்ந்து கிடந்தது. வீட்டுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் உடனே சுவர் வந்தது. எதிரே ஒன்றுமே இல்லாத இடமும் உண்டு என்று மைதானத்தில்தான் அவள் தெரிந்துகொண்டிருந்தாள். அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியது, கடைகள் திறந்தன. மைதானம் மட்டும் பூட்டியே கிடந்தது. அப்போதுதான் பவானி போன் செய்தாள்.

"ஜெசி, எனக்குக் கல்யாணம் முடிவு பண்ணிட்டாக. கூட்டம் கூடாத நேரத்துலயே வச்சுருவோம்னு அப்பா சொல்லிட்டாக. திருப்பூருக்குப் போறேன்டி."

"அங்கன ஓடுவியா?"

பவானியின் மூச்சு மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அதைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வயல் வேலை முடிந்து வந்த மதலேனாள், கட்டில் காலியாகக் கிடப்பதைக் கண்டு தெருவெல்லாம் தேடினாள். ஜெசிந்தா வாய்க்காலில், படிக்கட்டின் கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"இங்கன எதுக்கு ஆத்தா வந்த?"

"ஓடலாம்னு வந்தேம்மா. வழி தெரியல."

மதலேனாள் தண்ணீருக்குள் தெரிந்த கால்களைப் பார்த்தாள். வெறுங்கால்கள். ஷூ போடாமல் ஜெசிந்தா ஒருநாளும் ஓடியதில்லை. மதலேனாள் சேலையோடு இறங்கி, மகளின் இடுப்பை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன்கூட ஓடி வரவா?"

"உனக்கு மூச்சு வாங்கும்மா."

"வாங்கட்டும்."

ஜெசிந்தா நகரவில்லை. எதிர்க்கரையில், அறுத்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டத்தை யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அவள் மெல்ல அந்தச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எங்கிட்டும்மா போகுது?"

மதலேனாள் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் போன வாத்துகள் வரப்பேறி மறைந்துவிட்டிருந்தன. பின்னால் வந்தவை, நிற்காமல், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தன.