வேலி தாண்டிய குளம்பிலை

டெவனில் எங்கள் ஊரில் தெளிந்த பீர் வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். காய்ச்சும்போது பீர் தெளிய வேலியோரம் படரும் குளம்பிலையை இரண்டு கை அள்ளிப் போடுவேன். அது யாருக்கும் தெரியாது.

பீரைச் சோதிக்கும் அதிகாரி வருகிற வாரம் என்று என் கணவன் வாட் முற்றத்தைச் சுத்தம் செய்தான். நான் இலை பறிக்கப் போனால் வேலியோரம் மொட்டையாகக் கிடந்தது.

"இங்க இருந்த கொடி எங்கய்யா?"

"களைதானே? பிடுங்கி அந்தப் பக்கம் வீசிட்டேன்."

அந்தப் பக்கம் இசோட்டின் வீடு. அவளும் பீர் விற்கிறவள். அவளுடையது எப்போதும் குட்டைத் தண்ணீர் போலக் கலங்கியிருக்கும். ஓடினேன். அவள் அந்தக் கொடியைக் கிள்ளிக் கிள்ளிக் கொப்பரையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க யார்க்‌ஷயர்ல இதைப் பூனைப்பாதம்னு சொல்லுவோம்க்கா. தேன் விட்டுக் காய்ச்சி இருமலுக்குக் குடிப்போம். இன்னைக்குக் கசக்கினா உங்க பீர் வாசனை அப்படியே அடிக்குது. நாலு வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தேன். வேலி தாண்டிப் போட்டுக் கொடுத்தாரே, வாட் அண்ணனுக்கு நல்ல மனசு."

நான் ஊரெல்லாம் இலை தேடி அலைந்து முடிப்பதற்குள், பீர் தயார் என்று சொல்லும் இலைக்கொத்து அவள் வாசல் கம்பத்தில் ஏறிவிட்டது. அதிகாரி குடித்து நல்லாயிருக்கு என்று தலையாட்டினார். பக்கத்தில் நிரம்பிய கோப்பையோடு நின்ற வாட் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டான்.

"அமிஸ், வந்து குடிச்சுப் பாரு. நம்ம பீர் மாதிரியே இருக்கு."