ஈயம் எடுத்த கல்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. எழுபத்தொன்பதாம் வருடம் ஒரு வணிகர் சங்கம் தன் ஆண்டு மலருக்கு என்னிடம் நாலு பக்கம் கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'வந்தவர் மீண்டும் வர என்ன வழி?' பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சரியான எடை, நல்ல சரக்கு, சிரித்த முகம். இதை நாலு பக்கத்துக்கு இழுப்பது என்ன பெரிய வேலை?

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது என்று ஒரு வீம்பு. எதிரெதிரே இரண்டு மளிகைக் கடை இருக்கிற ஊராகப் பார்த்து, சுங்குவார்சத்திரத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே பார்த்ததை எந்த வணிகர் சங்கமும் அச்சில் போடாது. மலர் நான் இல்லாமலேயே வெளிவந்துவிட்டது. எனக்கு அந்த அதிர்ச்சி மட்டும் இன்னும் தீரவில்லை. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். கதை என்றால் நீங்கள் என்னை நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'பெங்களூர் சாலையில் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் அந்த இளங்காலையில், செங்கமலம் தன் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக' (வேண்டாம். லாரிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

இரண்டாவது: 'கோதண்டம் ஒரு திருடன்.' (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கே தெரிந்த விஷயத்தை முதல் வரியாக வைத்து என்ன பிரயோசனம்? அது ஊருக்கே தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவசரப்படுகிறேன், இருங்கள்.)

மூன்றாவது: 'செங்கமலத்தின் கணவன் சுப்பராயன் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன். வலது கையில் மூன்று விரல் போனதற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் போட்ட கடை அது. திறந்த நாளிலிருந்து ஈ ஓட்டுகிறார்கள். ஆடி கழிவதற்குள் வியாபாரம் பிடிக்கவில்லை என்றால், கடையை மூடிவிட்டு மண்ணூரில் அவள் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான்.'

இதை வைத்துக்கொள்கிறேன். அழகில்லை, ஆனால் யாருக்கு எது போகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

3

செங்கமலத்தை எனக்கே நம்ப முடியவில்லை. அரிசியில் ஒரு கல் இருக்காது. தராசு முள் நட்ட நடுவில் நின்றால்தான் கையை எடுப்பாள். சிரித்த முகம். ஒரு குறையும் இல்லாத பாத்திரத்தை எவன் படிப்பான் என்று, நானாக ஒரு குறை சேர்க்கப் பார்த்தேன். 'அவளுக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு' (பொய். அடித்துவிட்டேன்.) 'பக்கத்து வீட்டுக்காரி மீது அவளுக்கு' (அதுவும் பொய்.) அவள் கடையில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் உட்கார்ந்துகொண்டே அவளிடம் குறை தேடினேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது?

எதிரே கோதண்டம் கடை. அங்கே நிற்க இடம் இருக்காது. சரக்கு சுமார். கோதண்டம் சிரித்து நான் பார்த்ததில்லை. குனிந்த தலை நிமிராது. அவனிடம் ஒரு சிகரெட் வாங்கிப் பற்ற வைத்துக்கொண்டு ஓரமாக நின்று கவனிப்பேன். வருகிற பெண்கள் அத்தனை பேரும் அவனைத் திட்டிக்கொண்டேதான் வாங்கினார்கள். "யோவ், இதெல்லாம் ஒரு புளியாய்யா?" "தூங்கினு நிக்காத, சீக்கிரம் போடு!" அவன் ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்துப் போட்டு, கடைசியில் ஒரு பிடி கொசுறு அள்ளிப் போடுவான்.*

* கட்டுரைக்கு விடை கிடைத்துவிட்டது என்று இந்த இடத்தில் நான் துள்ளினேன். காசில்லாமல் மேலே கிடைக்கும் அந்த ஒரு பிடிதான் சூட்சுமம்! செங்கமலத்திடம் ஓடிவந்து சொன்னேன். "அதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு சார். நல்லா இரும்மான்னு வாங்கினு போனாங்க. அப்புறம் வரல" என்றாள்.

4

பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி, கோதண்டம் கடையில் வாங்கிய பையைப் 'பாத்துக்கோ' என்று செங்கமலத்திடம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். செங்கமலத்துக்குக் கை அரித்தது. பையிலிருந்த ஒரு கிலோ பருப்பைத் தன் தராசில் வைத்துப் பார்த்தாள். குறைந்தது.

சுப்பராயன்தான் எனக்கு விளக்கினான். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி, எடை சரிபார்த்து, மேலே முத்திரை குத்துவார்கள். அந்த ஈயத்தை நோண்டி எடுத்துவிட்டு ரோட்டுத் தாரை அடைத்துவிட்டால் கல் இளைத்துப்போகும். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். எந்த வாடிக்கைக்காரி கல்லைத் திருப்பிப் பார்க்கிறாள்?

மறுநாள் கூட்ட நேரத்தில் செங்கமலம் தராசைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். கோதண்டம் கடைப் படியிறங்கிய மீனம்மாளை மறித்தாள். மீனம்மாள் பெரிய குடும்பத்துக்காரி. குரல் அதைவிடப் பெரிது. அவள் எந்தக் கடைக்குப் போகிறாளோ அந்தக் கடைக்கு ஒரு தெருவே போகும்.

"அக்கா, ஒரு நிமிசம் அந்தப் பருப்பக் குடு."

பருப்புத் தட்டு மேலேயே நின்றது. செங்கமலம் தன் கடைப் பருப்பில் ஒரு பிடி போட்டாள். முள் அசைந்தது. இன்னும் கொஞ்சம் போட்ட பிறகுதான் நேரானது.

"எல்லாரும் பாத்துக்கோங்க! கல்லுல ஈயத்த எடுத்துட்டுத் தாரு அடைச்சு வெச்சிகீறாரு. இத்தினி நாளா ஒங்க வயித்துல அடிச்சிகினு கீறாரு!"

'கூட்டம் கொதித்தெழுந்து கோதண்டத்தின் கடையை நோக்கி' என்று ஒரு வாக்கியத்தை நான் மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அது இப்படியே பாதியில் நிற்கட்டும். ஏனென்றால் மீனம்மாள் தன் பருப்பைக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்:

"இத்தச் சொல்லத்தான் தராசத் தூக்கினு வந்தியா? எங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். எதிர்க்கடையில் கோதண்டம் குனிந்த தலையோடு யாருக்கோ மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். செங்கமலம் மட்டும் தராசைப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றாள். மறுநாள் காலையில் கோதண்டம் கடையில் வழக்கமான கூட்டம்.

5

டீக்கடை வாசலில் மீனம்மாளைப் பிடித்துக் கேட்டேன். தெரிந்துமா போகிறீர்கள்?

"இன்னா சார் பெரிய அதிசயம்? எம் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு அவனாண்டதான் அரிசி வாங்கினோம். பந்தி பாதில அரிசி காலி. எங்க மானமே போச்சு. நாலு பேரா வந்து கல்லத் திருப்பிப் பாத்தா, தாரு. அப்பிடியே கால்ல வுயுந்துட்டான்."

"போலீசுக்குப் போகலையா?"

"போயி? அவன் உள்ள போவான், எனக்கு இன்னா வரும்? அன்னிலேருந்து அவனால எங்களுக்கு இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாது சார். கட சாத்தினப்புறம் தட்டினாலும் தொறப்பான். எம் மருமவளுக்கு வலி வந்தப்ப, கடைய அப்பிடியே போட்டுட்டு வண்டி கட்டிகினு பெரும்புதூர் ஆசுபத்திரிக்கு இட்டுகினு போனது அவன்தான். வூட்ல எல்லாரும் என்னத் திட்டுவாங்க. நான் வந்து அவனத் திட்டுவேன். வாங்கிக்குவான். அவன் கடையில நாங்க எஜமான் மாரி நிக்கலாம்."

"செங்கமலம் நல்ல பொண்ணாச்சே?"

"நல்ல பொண்ணுதான். அதான் சார் பேஜாரு. அவ எங்களுக்கு ஒரு தப்பும் பண்ணல. அவளாண்ட எந்த உரிமையில போயி கேக்கறது? அவ கொசுறு குடுத்தா பிச்ச போடற மாரி கீது. இவன் குடுத்தா எங்குளுத எங்குளுக்கே குடுக்கறான்."

நான் டீயைக் குடிக்க மறந்துபோனேன். நாலு பக்கக் கட்டுரையை இந்த ஒருத்தி ஒரே மூச்சில் கிழித்துப் போட்டுவிட்டாள்.

சரி, கோதண்டமாவது மனசு மாறக் கூடாதா? (இந்த இடத்தில் அவன் திருந்துகிற ஒரு காட்சி எழுதலாம் என்று ஆசைப்பட்டேன். வாசகருக்கும் பிடிக்கும்.) மதியம் அவன் கடையில் ஆளில்லாத நேரமாகப் போய் நேராகவே கேட்டேன். கல்லை மாற்றிவிட வேண்டியதுதானே?

"மாத்தினேன் சார்."

சிகரெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தீப்பெட்டியையும் நகர்த்தி வைத்தான்.

"போன தையில புதுக் கல்லு வாங்கியாந்து வெச்சேன். முத்திர போட்ட கல்லு. மீனம்மாக்கா திருப்பிப் பாத்துச்சு. 'இன்னா கோதண்டம், ஈயம் கீது? அப்ப நமக்குள்ள இனிமே ஒண்ணுமில்லியா?'ன்னு கேட்டுச்சு. அந்த வாரம் பூரா ஒரு ஆளு வரல. பழைய கல்லத் திருப்பி எடுத்து வெச்சேன். வந்துட்டாங்க."

அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"நான் தப்பு பண்ணது ஒரு தபா சார். வுட மாட்டேன்றாங்க."

திருடனைப் பார்த்துப் பரிதாபப்படுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. சிகரெட்டைப் பற்ற வைக்காமலேயே தெருவைத் தாண்டி வந்துவிட்டேன்.

6

அதோடு கதை முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆடி பாதி போயிருந்த ஒரு மத்தியானம், நான் முக்காலியில் இருக்கும்போதே, மீனம்மாள் செங்கமலம் கடைக்குள் வந்தாள். வாங்க வரவில்லை. குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி.

"கட காலி பண்ணப் போறியாமே?"

செங்கமலம் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எனுக்கு மனசு கேக்கல. நீயும் பொயைக்கணும் இல்ல? புருசன் கையி இப்பிடி ஆயிப்போச்சு. நான் சொல்றதக் கேளு. எதனா ஒரு தப்பு பண்ணு தாயி. சின்னதா, அந்தக் கல்லுல இருக்கற ஈயத்த மட்டும் எடுத்துடு. ரெண்டு வாரம் போவட்டும், நான் கண்டுபுடிச்ச மாரி வந்து கத்தறேன். ஊரே வந்து ஒன்னக் கேக்கும். நீ அயுதுடு. அப்பறம் பாதிப் பேரு ஒங்கடைக்குத்தான்."

அவள் கண் கலங்கியிருந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவள் உண்மையான பாசத்தோடு, ஒரு நல்லவளை எப்படியாவது ஊரில் தங்கவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீனம்மாள் போன பிறகு செங்கமலம் ஒரு கிலோ கல்லை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அடியில் ஈயம் வட்டமாகப் பளபளத்தது, நடுவில் முத்திரை. உள்ளேயிருந்து சுப்பராயன் வந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. இடது கையால் ஒரு திருப்புளியைக் கல்லின் பக்கத்தில் வைத்தான்.

"ஒன்னிஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

7

முடிவுகள்.

அ. செங்கமலம் திருப்புளியைத் தூக்கி எறிகிறாள். ஊர் மனம் திருந்தி வருகிறது. (ஆண்டு மலர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். மீனம்மாள் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

ஆ. நோண்டுகிறாள். கடை பிழைக்கிறது. கூட்டம் நெரிகிறது. அவள் தலை அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. எதிரெதிரே இரண்டு குனிந்த தலைகள்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

இ. கடையை மூடிவிட்டு மண்ணூர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். தராசு அவள் மடியில். (நேர்மையான முடிவு. ஆனால் அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்னப்போவது அவள்தான், நானில்லை.)

மூன்றையும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளே கேட்டுவிட்டாள்.

"சார், நீங்க எழுதறவரு. நாலும் தெரிஞ்சவரு. சொல்லுங்க, நோண்டட்டுமா?"

"சேச்சே, வேண்டாம்மா" என்றேன். "நேர்மையா இருந்தா என்னைக்காவது ஒரு நாள் ஜனங்க வருவாங்க."

அவள் கோபப்படவில்லை. எனக்குத் தெரிந்து அவள் யாரிடமும் கோபப்பட்டதில்லை.

"இத்தினி நாளா எம் முக்காலில குந்தினு கீறீங்க. எங்கடையில ஒரு தீப்பொட்டி வாங்கினீங்களா சார்?"

சட்டைப் பையில் கை வைத்தேன். சிகரெட், தீப்பெட்டி, இரண்டும் இருந்தன. இரண்டும் எதிர்க்கடையில் வாங்கியவை. இவள் பக்கம் நான் என்றுதான் கடைசி நிமிடம்வரை நம்பியிருந்தேன். ஆனால் சிகரெட் வேண்டும் என்றால் என் கால் தானாகத் தெருவைத் தாண்டியது. கோதண்டத்திடம் "டேய், ஒண்ணு குடு" என்று கேட்கலாம். அவனைவிட நான் உசத்தி என்று அந்த ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். இவளிடம் அது முடியாது. இவளிடம் சமமாக நிற்க வேண்டும்.

இதற்கு மேல் நான் என்ன முடிவு எழுதினாலும் அது எதிர்க்கடையில் நின்று எழுதியதாகத்தான் இருக்கும். ஆகையால் பேனாவை மூடிவிட்டேன். கல் கவிழ்ந்து கிடக்கிறது. திருப்புளி பக்கத்தில் இருக்கிறது. அவள் கை இன்னும் அதன்மேல் போகவில்லை. கேள்வி உங்களுக்குத்தான்.

பதில் சொல்லுங்கள். ஆனால் என்னைப் போல உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள், தெருவில் நின்றும் சொல்லாதீர்கள். படியேறி உள்ளே வந்து, ஒரு கிலோ பருப்பு கேளுங்கள். அதை நிறுக்க அவளுக்கு அந்தக் கல் வேண்டும். கவிழ்ந்த கல்லை அவள் நிமிர்த்தி வைத்தாக வேண்டும்.