அம்மன் காகிதம்

நெல்லுக்கடைத் தெருவில் இசக்கிசெல்வியிடம் மாவு வாங்காத வீடு கிடையாது. மலையாள ஊரில், வலியசாலைக்குப் பின்னால் இருக்கும் தமிழர் தெரு அது. இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்துவிட்டால், ஒன்று மரியாதையாகப் பின்னால் போக வேண்டும். மொத்தம் இருபத்தேழு வீடு. பாதி நாஞ்சில் நாட்டுக்காரர்கள், மீதி திருநெல்வேலிப் பக்கம். ஏழாவது வீட்டு முன்னறையில் செல்வியின் கிரைண்டர் ஓடும். ஒன்பதடிக்கு ஒன்பதடி அறை. அதுதான் அவளுக்குக் கடை, தெருவில் அவளுக்குள்ள கௌரவமும் அதுதான். புருஷன் தங்கபாண்டிக்குக் கல்லாற்றில் ஓட்டல் வேலை. வாரத்தில் ஒருநாள் வருவான், தூங்குவான், போவான். குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனது கிரைண்டர்தான்.

போன தேர்தலில் இந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக ஒருவன் கவுன்சிலர் ஆனான். பெயர் அபிலாஷ், தெருமுனை வீட்டுக்காரன். அவன் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் அம்மா ஒரு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தாள். அந்த ஒரு வருடமும் மூன்று வேளை சாப்பாடு அவனுக்குச் செல்வியின் அடுக்களையில்தான். செல்வியை அத்தை என்றே கூப்பிடுவான். தேர்தலில் அந்த அத்தை முட்டு வலியோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"மாவு புளிச்சா எங்கிட்டதானே வந்து கேப்பிய? பய புளிச்சாலும் எங்கிட்ட வந்து கேளுங்க" என்றாள். தெரு சிரித்தது. சிரித்துக்கொண்டே குத்தியது ஓட்டை. அவன் ஜெயித்த அன்று செல்வி தெருவுக்கே பாயசம் வைத்தாள்.

ஆறு மாதம் போகவில்லை, தெருக்கோடியில் இருந்த பழைய அரிசி கோடவுன் விலைபோனது. அங்கே எட்டு மாடியில் கடைகளும் கல்யாண மண்டபமும் வரப்போகின்றனவாம். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வண்டி போய்வர எட்டு மீட்டர் ரோடு வேண்டுமாம். தெருவோ நாலரை மீட்டர். அதனால் குடியிருப்புப் பகுதி என்றிருக்கும் தெருவை வணிகப் பகுதியாக மாற்றி, ரோட்டை அகலப்படுத்த நகரசபை யோசிக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. செல்வி டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். எட்டு மீட்டர் கிரைண்டரைத் தாண்டிப் பின்சுவரில் போய் முட்டியது. அவள் நேரே அபிலாஷிடம் போனாள்.

"நான் கவுன்சில்ல இருக்கும்போது நம்ம தெருவில ஒரு செங்கல் அனங்குமா, அசையுமா அத்தே? நீங்க போய் மாவை அரைங்க" என்றான் அவன்.

அவளும் போய் மாவை அரைத்தாள். சும்மா அரைக்கவில்லை, "அபி சொல்லிட்டான்" என்று இருபத்தேழு வீட்டுக்கும் சொல்லிச் சொல்லி அரைத்தாள்.

சித்திரையில் முத்தாரம்மன் கோயில் கொடை விழா. எட்டாம் நாள் அம்மன் சப்பரத்தில் தெருவைச் சுற்றி வருவாள். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்னால் இறக்கியிருக்கும் தகரச் சாய்ப்பைக் கழற்றி, பூந்தொட்டியை எடுத்து, பைக்கை உள்ளே ஏற்றி அம்மனுக்கு வழி விட வேண்டும். 'எங்கள் வீட்டு முன்பக்கத்தை ஒழித்துத் தர எங்களுக்குச் சம்மதம்' என்று வருடாவருடம் மலையாளத்தில் ஒரு காகிதம் எழுதி, எல்லா வீட்டிலும் ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்கிப் போலீஸில் கொடுத்தால்தான் சப்பரத்துக்கு அனுமதி கிடைக்கும்.

தெருவில் அதற்கு அம்மன் காகிதம் என்று பெயர். தாம்பாளத்தில் மஞ்சள் பரப்பி, குங்குமக் கிண்ணம் வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து ஒரு சுமங்கலி கொண்டுவருவாள். வீட்டுக்காரர் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். வாசித்தால் அம்மனிடமே கணக்குக் கேட்டதாக ஆகிவிடும். கோயில் தலைவர் நீலகண்டன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் வாசிக்கிற மனிதர். அவரே தாம்பாளத்தைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். ஊரில் மற்றக் காகிதத்துக்கெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்கிறவர்களின் லட்சணம் இது.

ஆறு வருடமாகத் தாம்பாளம் செல்வியின் கையில். அவளுக்கு மலையாளம் பேசத் தெரியும், பேரம் பேசத் தெரியும், சண்டை வந்தால் திட்டவும் நன்றாகத் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. இந்த வருடம் காகிதத்தை எழுதிக் கொண்டுவந்தவன் அபிலாஷ். இரண்டு தாள் இருந்தது.

"ஒண்ணு போலீஸுக்கு, ஒண்ணு நகரசபைக்கு அத்தே. இப்ப ரூல் மாறிப்போச்சு" என்றான். அவனே தன் கையால் தாம்பாளத்தில் மஞ்சளைப் பரப்பி, குனிந்து தொட்டுக் கும்பிட்டு, இரண்டு தாளையும் வைத்தான். முதல் ஒப்பு செல்வி போட்டாள். மற்ற இருபத்தாறு வீட்டிலும் அவளே ஏறி இறங்கினாள். அம்மன் சப்பரத்தில் வந்தாள், போனாள்.

வைகாசி பிறந்ததும் நகரசபையில் ஆட்சேபணைக்காரர்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிற சஜியிடம் செல்வி ஒரு ஆட்சேபணை மனு எழுதி வாங்கிக் கொடுத்திருந்தாள். தெருவில் வேறு யாரும் கொடுக்கவில்லை. அபிதான் சொல்லிவிட்டானே!

கமிட்டித் தலைவர் அவள் மனுவைப் படித்தார். பிறகு ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, இது உங்கள் ஒப்புதானா என்று மலையாளத்தில் கேட்டார். செல்வி எட்டிப் பார்த்தாள். தாளின் ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. முதல் ஒப்பு அவளுடையது.

அவர் சத்தமாக வாசித்தார். தெரு வணிகப் பகுதியாக மாறுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எட்டு மீட்டர் ரோட்டுக்கு வேண்டிய முன்பக்க நிலத்தை நாங்கள் மனப்பூர்வமாக விட்டுத் தருகிறோம். இருபத்தேழு வீட்டில் இருபத்தேழு ஒப்பு. கவுன்சிலரே முன்னின்று வாங்கிக் கொடுத்தது.

அபிலாஷ் அதே மேசையில் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

செல்விக்கு அங்கேயே உட்கார்ந்து கதறலாமா, எழுந்து போய் அவனை நாலு அறை அறையலாமா என்று இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து, தங்களை ஏமாற்றி வாங்கிய ஒப்பு அது என்று சொல்லிவிட்டாள். தலைவர் கெட்டவர் இல்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதென்றால் பாதிக்கு மேல் வீட்டுக்காரர்கள் எழுதித் தர வேண்டும், ஏழு நாள் அவகாசம், அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கவுன்சில் முடிவுக்குப் போய்விடும் என்றார்.

மாடிப்படியில் வைத்து அபிலாஷை மறித்தாள்.

"அம்மன் தாம்பாளத்தில வச்சுத் தந்தியே மக்களே. உனக்குக் கை நடுங்கலியா?"

அவன் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீங்க வாசிச்சிருக்கலாமே அத்தே."

செல்வி உண்ட வீட்டுக்கே கன்னம் வைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள், இன்றுதான் நேரில் பார்க்கிறாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரு நன்னாகணும்லா? அந்தக் கட்டடத்தில உங்களுக்குக் கடை போட ஒரு கடமுறிக்கு நான் சொல்லி வச்சாச்சு. கிரைண்டரை அங்க போட்டுக்கலாம்."

"உன் கடமுறியை உன் வீட்டுக்குள்ள கொண்டு வையி. அது எட்டு மீட்டருக்குள்ள வராதுல்லா?" என்று கையை உதறினாள். தெருமுனையில் அவன் வீடு மட்டும் உள்வாங்கி நிற்கிறது என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளே சஜியிடம் போய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதி, அபிலாஷின் வீடு நீங்கலாக, வீட்டுக்கு ஒன்றாக இருபத்தாறு நகல் எடுத்தாள். அதே தாம்பாளம், அதே மஞ்சள், அதே குங்குமம். முதல் தாளில் தன் ஒப்பைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். வாசலில் வந்து நின்றவளை முதல்முறையாகத் தெரு ஏற இறங்கப் பார்த்தது.

எதிர்வீட்டுச் செல்லபாய் மட்டும் அழுதுகொண்டே உடனே ஒப்பிட்டாள். மற்றவர்கள் தாளை வாங்கினார்கள், பேனாவை வாங்கவில்லை. குங்குமத்தையும் தொடவில்லை. ஒருத்தி கேட்டேவிட்டாள்: "உனக்கு அங்க ஒரு கடை உண்டாமே? அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு உனக்கு முன்னமே தெரியுமாமே? அபி சொன்னான்." செல்வி அம்மன்மேல் சத்தியம் செய்தாள். அந்த அம்மனைச் சுமந்துகொண்டுதானே போன தடவையும் வந்தாய் என்று அவர்கள் வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீலகண்டன் தாம்பாளத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு வரி விடாமல் வாசித்தார், திருப்பியும் வாசித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஒப்பிடுங்க அண்ணாச்சி."

"வச்சுட்டுப் போ செல்வி. நாலு பேருகிட்ட காட்டணும். முடிஞ்சதும் நானே எல்லா வீட்டிலயும் வாங்கிக் கொண்டாந்து தாரேன்."

"புதன்கிழமைக்குள்ள அண்ணாச்சி" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். அவர் மூன்று தடவையும் தலையை ஆட்டினார்.

அதன்பின் தினமும் போனாள். பார்க்கிறோம், வக்கீல் இல்லை, நாளைக்கு வா. கூனிக் குறுகிப் போய் நின்றாள். மாவு விற்பனை பாதியாக விழுந்தது. இவள் மாவே வேண்டாம் என்று சிலர் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு இரண்டே இரண்டு தாளோடு நகரசபைக்கு ஓடினாள். ஒன்று அவளுடையது, ஒன்று செல்லபாயுடையது. வாங்கிக்கொண்ட கிளார்க், பாக்கி எங்கே என்பதுபோல அவள் பின்னால் எட்டிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் மாவை வழித்துக்கொண்டிருந்தபோது நீலகண்டன் வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள், முகத்தில் சிரிப்பு.

"இருபத்துநாலும் இருக்கு பாத்துக்க. வக்கீல்கிட்ட காட்டி, வரிக்கு வரி வாசிச்சு, எல்லாரும் தெரிஞ்சே ஒப்பிட்டாச்சு. உன்மேல தப்பா நெனச்சது எங்க தப்புதான். கொண்டு போய்க் குடு."

செல்வி மாவுக் கையோடு அப்படியே நின்றாள். "நேத்து அஞ்சு மணியோட முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. புதன்கிழமைன்னு எத்தனை மட்டம் சொன்னேன்!"

"நேத்தா? இல்லியே, பத்து நாள் டயம் உண்டே." அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. "நீ சும்மா பதறுதேன்னு அபிதான் சொன்னான். ஒரு மட்டம் ஏமாந்தது போதும் மாமா, இந்தத் தடவை வக்கீல்கிட்ட காட்டாம யாரும் ஒப்பிடாதீங்கன்னு வீடு வீடா வந்து..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். வாசிக்க வேண்டிய நாளில் அவர்கள் வாசிக்கவில்லை, ஒப்பிட வேண்டிய நாளில் உட்கார்ந்து வாசித்தார்கள். இரண்டுக்கும் நாள் குறித்துக் கொடுத்தவன் ஒருவனே.

அப்போது வாசலில் தூக்குவாளிச் சத்தம் கேட்டது. செல்வி மைனி என்று கூப்பிடும் அபிலாஷின் அம்மா படியேறி வந்தாள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது, தெரிந்தாலும் மகனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"ரெண்டு லிட்டர் மாவு ஊத்து செல்வி. இன்னைக்கு அபி வீட்டில இருக்கான். உன் மாவில சுட்ட தோசைன்னாத்தான் அவனுக்கு எறங்கும்."

கிரைண்டர் நிறைய மாவு இருந்தது, பக்கத்துப் பானையிலும் நிறைய இருந்தது. எல்லாம் மைனியின் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. செல்வி கையைக் கழுவினாள்.

"மாவு இல்ல மைனி" என்றாள்.